டீச்சரின் காரும் மூன்று ஒக்சிஜன் சென்ஸர்களும்

1. கயிற்றில் வந்த கார்

அந்தக் காரை நெல் ஏற்றும் லொறி ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. கல்லடியில் என் கராஜ் வாசலில் நிறுத்திக் கயிற்றை அவிழ்த்த லொறிக்காரர், "வந்தாறுமூலையில றோட்டோரமா நிண்டு போன் அடிச்சிக்கொண்டு இருந்தா பாஸ். நமக்கு விட்டிட்டு வர மனம் வரல்ல" என்றார். நான் நன்றி சொல்லி முடிக்க முதலே லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காருக்குள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தவர் நிரோஷினி டீச்சர். கண் சிவந்திருந்தது. இறங்கியதும் அவர் என்னிடம் கேட்டது காரைப் பற்றி அல்ல.

"அங்கிள், ஒரு ஆட்டோ பிடிச்சுத் தாங்க. புள்ள பாலுக்கு அழுதுகொண்டு இரிக்கானாம்."

அவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டுக் காரைச் சுற்றி வந்தேன். கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. ஏனென்றால் அந்தக் காருக்கு ஒக்சிஜன் சென்ஸர் மாற்றியது நான்தான். மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பிப் பார்த்தால், நான் அணைத்து அனுப்பிய அதே மஞ்சள் லைட் மறுபடியும் எரிந்தது.

நான் மூர்த்தி. எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே நான் மூர்த்தி பாஸ். கார்பரேட்டர் காலத்தில் ஸ்பானர் பிடித்து, இப்போது ஸ்கேனர் பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டேன். புதிதாகக் கராஜ் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். சென்ஸர் மாற்றுவது எப்படி என்று போனில் தட்டினால் ஆயிரம் வீடியோ வரும். மாற்றிய சென்ஸர் ஏன் மறுபடி சாகிறது என்பதற்கு வீடியோ வராது.

டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கிரானுக்கு அங்கால், வயல் வட்டைகள் தாண்டி உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை. பஸ்ஸை நம்பினால் விடிய முதல் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, பொழுது சாயும்போதுதான் திரும்ப முடியும். வீட்டில் கைப்பிள்ளை. அதற்காகத்தான் அவருடைய கணவர் கஜேந்திரன் சின்ன ஜப்பான் கார் ஒன்றை எடுத்தார், டீச்சரும் பிள்ளைப்பேற்று லீவிலேயே கார் ஓடப் பழகினார். காலையில் பால் கொடுத்துவிட்டுப் போய், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடலாம். கார் ஓடினால் வேலை இருக்கும், கார் நின்றால் வேலை இல்லை. அவருடைய நிலைமை அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் கஜேந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். புளியந்தீவில் ஒரு கந்தோரில் வேலை, அளந்து பேசுகிற ஆள்.

"பாஸ், குறை நினைக்காதீங்க. ஒண்டில் நீங்க போட்ட சாமான் சரியில்ல, இல்லாட்டி நிரோட ஓட்டம் சரியில்ல. ரெண்டில ஒண்டுதானே?"

"சாமான் நல்ல சாமான். அவவும் நல்லா ஓடுறா. நானே பக்கத்தில இருந்து பாத்திருக்கன்."

"அப்ப கார் ஏன் நிக்கிது?" என்று கேட்டார். பிறகு, "இன்னொருக்கா இப்பிடி நடு றோட்டில நிண்டா நான் காரை வித்துப்போடுவன் பாஸ். அவவ வேலைய விடச் சொல்லிட்டன். யானை வாற றோட்டில பொம்புளப் புள்ள தனிய நிக்கிறதெண்டா எனக்கு நித்திரை வராது" என்றார்.

மனுஷன் கெட்டவர் அல்ல, பயந்து போயிருந்தார். ஆனால் பயத்தை மனைவியின் தலையில் கட்டிவிட்டு நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. என் சாமானைக் குறை சொன்னது அதைவிடப் பிடிக்கவில்லை.

2. காரின் மூக்கு

ஒக்சிஜன் சென்ஸர் என்பது எக்ஸோஸ்ட் குழாயில் பூட்டியிருக்கிற ஒரு மூக்கு. எஞ்சின் விடுகிற புகையில் எவ்வளவு ஒக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது மோந்து பார்த்துக் கொம்பியூட்டருக்குச் சொல்லும். மிச்சம் கூட இருந்தால் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும், குறைய இருந்தால் குறைக்கும். மூக்கு அடைத்துப்போனால் கொம்பியூட்டர் குத்துமதிப்பாகப் பெற்றோலை ஊற்றத் தொடங்கும். கார் இழுவை குறையும், பெற்றோலைக் குடிக்கும், பிளக் கறுக்கும், சந்தியில் நிறுத்தினால் நடுங்கி நடுங்கி நின்றுவிடும். அப்படியே விட்டால் கடைசியில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வேர்ட்டரும் போய்விடும்.

இதெல்லாம் நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லத்தான் அந்த மஞ்சள் லைட் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குச் செய்யும் முதல் வைத்தியம், லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. டீச்சர் டேப் ஒட்டவில்லை. லைட் எரிந்த அன்றே வந்தார். அதனால்தான் அவர்மேல் எனக்கு ஒரு மதிப்பு.

கழற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள். முழுச் சூட்டில் கை வெந்துபோகும், முழுக்க ஆறினால் மரை கடித்துக்கொள்ளும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கொஞ்சம் பொறுத்திருங்கள். வயர் போவதற்குப் பக்கத்தில் வெட்டு வைத்த சொக்கட் இருக்கிறது, அதைப் பாவியுங்கள். வெறும் குறட்டை வைத்து மல்லுக்கட்டி மரையைக் கொன்று கொண்டுவருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதிய சென்ஸரைப் பூட்டும்போது, மரையில் மட்டும் அந்தச் சாம்பல் நிறப் பசையைப் பூசுங்கள். நுனியில் ஒரு பொட்டும் படக்கூடாது. கண்ட சிலிக்கன் பசையும் பக்கத்தில் வரக்கூடாது, அதன் ஆவியே சென்ஸரைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, வாவிக்கரை ஆட்களுக்காக. நம் உப்புக் காற்றுக்கு வயர் பிளக்கின் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். அதைத் துடைத்துச் சுத்தம் பண்ணுங்கள், ஆனால் கிறீஸை அள்ளி அடைக்காதீர்கள். பல சென்ஸர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை அந்த வயர் வழியாகத்தான் எடுக்கின்றன. கிறீஸ் போட்டு அடைத்தால் நல்ல சென்ஸரும் பொய் சொல்லும்.

நான் இதில் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனாலும் நான் பூட்டிய இரண்டாவது சென்ஸரைக் கழற்றிப் பார்த்தபோது, காரோடு வந்த முதலாவதைப் போலவே இருந்தது. நுனி முழுக்கக் கரி, கரியின் கீழ் பிசுபிசுப்பு. பிளக்குகளும் ஒயிலில் குளித்தது மாதிரி. இதைப் பார்த்தால் எந்தப் பாஸும் ஒன்றைத்தான் சொல்வார்: எஞ்சின் ஒயில் எரிக்கிறது, பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்கவேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொம்பிரஷன் அழுத்தத்தைப் பார்த்தேன், புது எஞ்சின் மாதிரி நின்றது. ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், ஒயில் மேற்கோட்டில் அப்படியே நின்றது. நான் ஊற்றிய நாளில் இருந்து ஒரு துளியும் இறங்கவில்லை.

ஒயில் எரிகிறது, ஒயில் குறையவும் இல்லை. அந்த இடத்தில் எனக்குத் தலை சுற்றியது. டீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"எங்க பெற்றோல் அடிக்கிற நீங்க?"

"வழமையான பெற்றோல் செட்தான் அங்கிள். பெற்றோல் அலுவல் எல்லாம் அப்பாதான் பாக்கிற. நான் எழும்பி வரக்குள்ள டாங்க் நிறைஞ்சிருக்கும். செட்டுக்கு நான் போனதே இல்ல."

குடுத்து வைத்த பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தான் வீடு. கட்டிக் கொடுத்த அப்பாவும் அம்மாவும் அதே வளவில் இன்னொரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார்கள், மருமகன்தான் வந்து சேருகிற ஆள். அப்படி இருக்கும்போது மகளின் காருக்கு அப்பா பெற்றோல் அடிப்பதில் எனக்கு ஒரு புதினமும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

3. றபீக் நானாவிடம் சண்டைக்குப் போனது

மிஞ்சியது ஒரே ஒரு சந்தேகம், சாமான். காத்தான்குடியில் றபீக் நானாவின் கடையில்தான் அந்த இரண்டாவது சென்ஸரை வாங்கினேன். பழகிய கடை. ஆனாலும் பெட்டி ஒன்று, சாமான் ஒன்று என்று வருகிற காலம் இது. பழையதும் புதியதுமாகக் கறுத்துப்போன இரண்டையும் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு போய் அவருடைய மேசையில் வைத்தேன்.

"என்ன மூர்த்தி, முகம் சரியில்ல. இரிங்க, பிளேன்டீ வரட்டும்" என்றார்.

"டீ பொறகு. இது என்ன சாமான் நானா? ஒண்டு செத்திது, சரி. ரெண்டாவதும் சாகுமா?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"இதே சாமான் ஏறாவூர் ஹயர் வான்காரனுகளுக்கும் குடுத்த நான். பொய்ச் சாமானா இருந்தா நீங்க முதல் ஆளா வந்திருக்கமாட்டீங்க. அவனுகள் வந்து கடைய எப்பயோ பிரிச்சிருப்பானுகள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்குப் போன இடத்தில் சிரிப்பு வந்தால் சண்டை முடிந்துவிடும். டீயும் வந்தது.

"புதுசு ஒண்டு தாறன், கொண்டு போங்க. ஆனா இப்ப பூட்டாதீங்க" என்றார் அவர். "ஒரு புள்ள நெடுகிலும் மூக்கில அடிபட்டு வந்தா மருந்து மட்டும் போட்டுக்கொண்டு இருப்பீங்களா? அடிக்கிறது ஆரெண்டு பாக்கமாட்டீங்களா?"

நான் மூன்றாவது சென்ஸரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. கார் என் கராஜிலேயே நின்றது. டீச்சர் லீவு போட்டுப் போட்டுப் பள்ளிக்கூட அதிபரிடம் ஏச்சு வாங்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் வரும், "என்ன அங்கிள், ஏதாவது தெரிஞ்சிதா?" என்று. ஒருநாள், "இவர் காரை வாங்க ஆள் பாக்கத் தொடங்கிட்டார்" என்று மெதுவாகச் சொன்னார்.

4. மீன் வாங்கப் போன இடம்

அடுத்த நாள் காலையில் மனைவி மீனுக்கு அனுப்பினாள். வாவி கடலில் சேருகிற பக்கத்தில் போட்டுகள் கரைக்கு வரும், பிடித்த மீனை அங்கேயே வாங்கலாம். நான் பாரைக்குட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பைபர் போட்டைத் தண்ணீரில் தள்ளி எஞ்சினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். நீலப் புகை குபீரென்று எழும்பி என் முகத்தில் அடித்தது.

நான் மூச்சை இழுத்தபடி நின்றுவிட்டேன். அந்த மணம் எனக்குத் தெரியும். இரண்டு வாரமாக என் கராஜுக்குள் இருக்கிற மணம் அது. டீச்சரின் காரை ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு முறையும் அதை மோந்திருக்கிறேன். எஞ்சின் ஒயில் எரியும் மணம் கொஞ்சம் காறலாக இருக்கும். இது அப்படியில்லை, ஒரு இனிப்பு மணம். போட் எஞ்சினுக்குப் பெற்றோலோடு கலக்கிற டூ-டி ஒயிலின் மணம்.

மீன் பையோடு நேரே கராஜுக்குப் போனேன். காரை ஸ்டார்ட் பண்ணிப் பின்னால் குனிந்து மோந்தேன். அதேதான். டீச்சருக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, உங்கட அப்பா என்ன தொழில்?"

"கடல் தொழில் அங்கிள். பாலமீன்மடுவில போட் வச்சிரிக்கார். ஏன்?"

"ஒண்டுமில்ல. சனிக்கிழமை எல்லாரும் வாங்க. அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க."

போனை வைத்த பிறகுதான், இவ்வளவு நாளும் அந்த வீட்டில் ஒருவருக்கும் ஏன் மணக்கவில்லை என்று விளங்கியது. வீட்டு வாசலில் வலை, பின்வளவில் போட் எஞ்சின், அப்பாவின் சாரத்திலும் அதே மணம் இருக்கும். அவர்களுக்கு அது வீட்டு மணம்.

எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. என் வேலையில் பிழையில்லை, றபீக் நானாவின் சாமானில் பிழையில்லை, டீச்சரின் ஓட்டத்தில் பிழையில்லை. மீனை மறந்து காருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய், வீட்டில் ஏச்சும் வாங்கினேன். ஆனால் சோறு தின்னும்போது வேறு ஒரு யோசனை வந்தது. மருமகன் நிற்கிற இடத்தில் மாமனாரைப் பார்த்து, காரைக் கெடுத்தது நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனைத் தன் வளவுக்குள் வைத்திருக்கிற மனுஷன். அந்த வளவில் அதன் பிறகு அவர் எப்படி நிமிர்ந்து நடப்பார்? சொல்லாமல் விடவும் முடியாது. விட்டால் மூன்றாவது சென்ஸரும் போகும், டீச்சரின் வேலையும் போகும்.

5. வெள்ளைக் கடதாசி

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். டீச்சரின் அப்பா தம்பிராசா அண்ணன் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வெயிலில் காய்ந்த மெலிந்த ஆள். கை இரண்டும் கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்புப் பிடித்திருந்தது. வந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, "என்ன பலாய் புடிச்சிதோ இதுக்கு" என்றார்.

நான் ஒருவரையும் குற்றம் சொல்லாமல் பேசத் தீர்மானித்திருந்தேன். காரின் டாங்கில் இருந்து எடுத்த பெற்றோல் ஒரு போத்தலில் இருந்தது. செட்டில் இருந்து அன்று காலையில் வாங்கிவந்த பெற்றோல் இன்னொரு போத்தலில் இருந்தது. ஒரு வெள்ளைக் கடதாசியைப் பொனட்டில் விரித்தேன்.

"இதில ஒரு சொட்டு, அதில ஒரு சொட்டு. காயுமட்டும் பாப்பம்" என்றேன்.

நாலு பேரும் கடதாசியைச் சுற்றி நின்றோம். செட் பெற்றோல் கொஞ்ச நேரத்தில் காய்ந்து, விட்ட இடமே தெரியாமல் போனது. டாங்க் பெற்றோல் காய்ந்த இடத்தில் ஒரு வட்டம் அப்படியே நின்றது. கடதாசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வடை வைத்த கடதாசி மாதிரி அந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது.

"பெற்றோலில ஒயில் கலந்திரிக்கி. அதுதான் சென்ஸரைக் கொல்லுறது" என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கஜேந்திரன் உடனே டீச்சரின் பக்கம் திரும்பினார். "நான் எத்தின தரம் கேட்டன் உன்னட்ட? எங்கயோ றோட்டோரக் கடையில போத்தல் பெற்றோல் வாங்கி ஊத்தியிரிக்காய். அப்பிடித்தானே?"

"இல்லங்க, நான் ஒரு நாளும்..." டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். கண் நிறைந்துவிட்டது.

"பொறகு இது எப்பிடி வந்த? வானத்தில இருந்தா?"

"அவள ஏசாதீங்க மருமகன்" என்றார் தம்பிராசா அண்ணன்.

அவர் கடதாசியைக் கையில் வாங்கினார். அந்த வட்டத்தைப் பெருவிரலால் தேய்த்து, விரலை மோந்தார். முகம் மாறியது.

"அது நான்தான்" என்றார். "போட்டுக்குக் கலக்கிற கேனில இருந்துதான் நான் ஊத்துற. கடலால வந்த உடன, இவள் எழும்ப முதல். சில நேரம் கேனில ஒயில் காணாதெண்டு தனியவும் ஒள்ளுப்பம், ஒரு மூடியளவு, விடுவன்."

கஜேந்திரன் கடதாசியையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பிராசா அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். ஒரு மெக்கானிக்குக்குச் சொன்னால் விளங்கும் என்று நினைத்திருப்பார்.

"எனக்கு ஒருக்கா எஞ்சின் இறுகிப் புடிச்சிது பாஸ், கரை தெரியாத இடத்தில. கூட வந்தவன் ஒயில் கலக்க மறந்திட்டான். நீர்வாடு நம்மள இழுத்துக்கொண்டே போகுது, செய்றதுக்கு ஒண்டுமில்ல. வேற போட் ஒண்டு கண்டிராட்டி இண்டைக்கு நான் இல்ல. அண்டையில இருந்து ஒயில் இல்லாம ஒரு எஞ்சினையும் நான் தொடுற இல்ல. இவள் போறது யானைக் காட்டுக்குள்ளால. எஞ்சின் புடிச்சா அங்க ஆர் இரிக்கா இவளுக்கு? அதுதான் விட்ட நான். மறுகா பாத்தா நான்தான் என்ட புள்ளய நடு றோட்டில நிப்பாட்டியிரிக்கன்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவருடைய எஞ்சினுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. பெற்றோலோடு ஒயில் கலக்காவிட்டால் போட் எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்து நின்றுவிடும். கார் எஞ்சின் வேறு ஜாதி என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். "அப்பா, என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேணாமெண்டுவாய் மனே."

கஜேந்திரன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறென்று கராஜை விட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் இருந்து ஒரு தட்டத்தில் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார். முதல் கோப்பையை மாமனாரிடம் நீட்டி, "குடிங்க மாமா" என்றார். அடுத்ததை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "நான் இவ்வளவு நாளும் சும்மா உன்னத்தான் ஏசிக்கொண்டு திரிஞ்சன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. டீச்சருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்தான், ஆனாலும் என் சாமானைப் பற்றி ஒரு சொல் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

டீயைக் குடித்து முடித்த தம்பிராசா அண்ணன் என் காதருகே வந்தார். முழுக்க நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஒயிலே இல்லாமயா ஓடும் இது?"

"ஒயில் இரிக்கி அண்ணன். இதுக்கு வயித்துக்குள்ள தனிய வச்சிரிக்கி. பெற்றோலோட சேரக்கூடாது, அவ்வளவுதான்" என்று டிப்ஸ்டிக்கை இழுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் நுனியைத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்து, ஒயிலை இரண்டு விரலுக்குள் வைத்து உரசினார். நிறத்தைப் பார்த்தார். மோந்தார். நான் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாமல் இருந்தது.

"நல்ல ஒயில்" என்றார். அதன் பிறகுதான் மனுஷனின் தோள் இறங்கியது.

6. லைட் எரியாத டாஷ்போர்ட்

டாங்கை இறக்கிக் கழுவினேன். பெற்றோல் போகிற வழியெல்லாம் சுத்தம் பண்ணி, புதுப் பிளக் போட்டு, மூன்றாவது சென்ஸரை அதன் பெட்டியில் இருந்து எடுத்துப் பூட்டினேன். கொம்பியூட்டரில் பதிந்திருந்த பிழைக் கோட்களை அழித்து, புதுப் பெற்றோல் ஊற்றி, டீச்சரை ஓடச்சொல்லி நான் ஸ்கேனரோடு பக்கத்தில் ஏறினேன். பின்சீற்றில் கஜேந்திரன். ஏறாவூர் தாண்டி, வந்தாறுமூலையில் டீச்சர் நின்று அழுத இடத்தையும் தாண்டி, கிரான் வரைக்கும் போய் வந்தோம். சென்ஸரின் அளவு ஸ்கேனரில் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. நல்ல சென்ஸர் அப்படித்தான் துள்ளவேண்டும், ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். திரும்பி வரும்போது கஜேந்திரன் பின்னால் தூங்கிவிட்டார். மனைவி ஓடுகிற காரில் ஒரு மனுஷன் வாயைத் திறந்து தூங்கினால், அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் றோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறு வேலை ஓடாமல் இருந்தேன். பள்ளிக்கூடத்து வாசலில் இருந்து அழைப்பு வந்தது.

"அங்கிள், வந்து சேந்திட்டன். லைட் இல்ல."

அன்றைக்கு நான் கராஜில் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். காத்தான்குடிக்குப் போன் எடுத்து றபீக் நானாவிடமும் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "பாவம் அந்த வாப்பா" என்றார். எனக்கும் அதேதான் மனதில் நின்றது.

கேட்டுக்கொள்ளுங்கள், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களே. ஒரு சென்ஸர் இரண்டாம் முறையும் செத்தால் மூன்றாவதைப் பூட்ட முதல் கையை மடக்கிக்கொண்டு நில்லுங்கள். பெற்றோல் எங்கே அடிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், யார் அடிக்கிறார்கள், எதில் கொண்டுவந்து அடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்கும்போது பொலிஸ்காரன் மாதிரிக் கேட்காதீர்கள். கெடுக்க நினைத்து ஒருவரும் வீட்டுக் காரில் கை வைப்பதில்லை. அதட்டிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், உங்கள் சென்ஸர் செத்துக்கொண்டே இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் புறப்படும்போது, இனிமேல் காரைத் தொடவேண்டாம் என்று தம்பிராசா அண்ணனிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாஸ், அப்ப நான் இதுக்கு என்ன செய்யலாம்?"

அந்த முகத்தைப் பார்த்து, ஒன்றும் செய்யவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். இது டிப்ஸ்டிக், ஞாயிற்றுக்கிழமையில் பாருங்கள். இது கூலன்ட் தண்ணி, கோட்டுக்குக் கீழே போனால் எனக்குச் சொல்லுங்கள். இது டயர், கடலால் வந்தவுடன் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பெற்றோலுக்கு வேறு கேன், அதற்குள் வேறொன்றும் போகக்கூடாது. அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

டீச்சர் இன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போய் வருகிறார். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான். போன கிழமை சேர்விஸுக்கு வந்தபோது சென்ஸரைக் கழற்றிப் பார்த்தேன், நுனி வெளிறிய சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. ஒயில் கோட்டில் நின்றது, தண்ணி கோட்டில் நின்றது, நாலு டயரிலும் காற்றுச் சரியாக இருந்தது. எனக்கு அந்தக் காரில் செய்வதற்கு அதிகம் வேலை இருக்கவில்லை. எல்லாவற்றையும் அப்பா பார்த்திருந்தார்.